சென்சார் ஒன்று சொல்ல, அறை ஒன்று சொல்ல: வீட்டுச் சூட்டைக் கவனிக்கும் கருவிகளில் வரும் கோளாறுகள்

கும்பகோணத்திலும் சுற்றுப்பக்கத்திலும் சொந்தக்காரர், தெரிந்தவர் வீடுகளில் இந்த வேலையை ஐந்தாறு கோடையாகப் பார்த்து வருகிறேன். அறைக்குள் ஒரு வெப்பநிலை சென்சார், அதைப் படிக்க ஒரு வைஃபை போர்டு, ரிமோட்டுக்குப் பதிலாக ஏசிக்குச் சிக்னல் அனுப்பும் ஐஆர் டப்பா, ஆள் நடமாட்டத்தைப் பார்க்க ஒரு மோஷன் சென்சார். இவ்வளவுதான் சாமான். 'கருவி கெட்டுப்போச்சு' என்று கூப்பிடுகிற வீடுகளில் பெரும்பாலும் கருவி நன்றாகவே இருக்கும். மாட்டிய இடம் தப்பாக இருக்கும், இல்லாவிட்டால் கரண்டு தகராறாக இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். புதிதாக வாங்குவது கடைசியில்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: சுவரில் மாட்டும் சாதாரணக் கண்ணாடிக்குழாய்த் தெர்மாமீட்டர், நல்ல போன் சார்ஜர் ஒன்று, டெஸ்டர். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. 5 வோல்ட் பக்கம் நீங்களே கை வைக்கலாம். 230 வோல்ட் பக்கம் மெயினை இறக்காமல் எதையும் திறக்கக் கூடாது.

## பிளக் சுடுகிறது, கருகிய வாடை வருகிறது

இதற்குச் சோதனை எதுவும் கிடையாது. மெயின் போர்டில் உள்ள எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

காரணம் அநேகமாக ஒன்றுதான். கட்டளை வந்தால் கரண்டைப் போட்டு அணைக்கும் நீல நிற 10 ஆம்பியர் ரிலேயையோ சின்ன ஸ்மார்ட் பிளக்கையோ ஏசிக்குக் கொடுத்திருப்பார்கள். ஒன்றரை டன் ஏசி ஓடும்போது 7, 8 ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் பழைய மாதிரி கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அந்தப் பொறியில் ரிலேயின் உள்முனைகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு செயலியில் 'ஆஃப்' என்று இருக்கும், ஏசி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பிளக்கை வெட்டி ஏசியை அணைப்பதே தப்பான வழி. நின்ற கம்ப்ரசரை மூன்று நிமிடமாவது விட்டுத்தான் கிளப்ப வேண்டும், பிளக்குக்கு அது தெரியாது. ஏசியை ரிமோட் சிக்னலால்தான் அணைக்க வேண்டும்.

## சென்சார் காட்டும் சூடு அறையோடு ஒத்துப்போகவில்லை

எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி இதுதான். முதலில் தெர்மாமீட்டரைச் சென்சாருக்குப் பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஃபேனைப் போட்டு அரைமணி நேரம் விடுங்கள். ஒரு டிகிரி வித்தியாசம் என்றால் மறந்துவிடலாம். நீல டப்பாவாக வரும் டிஹெச்டி11 விற்கும்போதே 2 டிகிரி முன்பின் இருக்கலாம் என்றுதான் விற்கிறார்கள். வெள்ளையாக வரும் டிஹெச்டி22 அரை டிகிரிக்குள் நிற்கும். வித்தியாசம் அதற்கு மேல் போனால், எப்போது போகிறது என்று பாருங்கள்.

சாயங்காலத்திலிருந்து ராத்திரி வரை மட்டும் கூடுகிறது. மேற்குச் சுவர். திருவையாற்றில் சித்தி வீட்டில் இரவு ஒன்பது மணிக்கும் 35 காட்டியது. ஏசிக்கு 27 வரும்வரை ஓடு என்று சொல்லியிருந்தோம். சென்சார் 27-ஐ விடியும்வரை பார்க்கவே இல்லை. ஏசி முழுமூச்சாக ஓட, சித்தி சித்திரை மாதத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். சென்சாரை மாட்டிய ஆணி இருந்தது மேற்குச் சுவரில். பகலெல்லாம் குடித்த வெயிலைச் செங்கல் ராத்திரியில் கக்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அறை உள்ள உட்சுவருக்கு மாற்றியதும் அதே நேரத்தில் 29 காட்டியது. செலவு ஓர் ஆணி.

காலையும் மாலையும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் ஏறுகிறது. அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு வீட்டில் தினமும் ஆறேகாலுக்கு மூன்று டிகிரி ஏறும், ஏழு மணிக்கு இறங்கும். இரண்டு சென்சார் மாற்றியாகிவிட்டது. அது மாட்டியிருந்தது சாமி அலமாரிக்கு மேலே, கீழே குத்துவிளக்கு. ஃபிரிட்ஜின் பக்கவாட்டு, டிவிக்கு மேல் செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் வைத்திருக்கும் மூலை, இவையும் இதே வேலையைச் செய்யும்.

நாள் முழுக்க ஒரே அளவு கூடுதல். போர்டின் சொந்தச் சூடு. ஒரு மணி நேரம் அணைத்து வைத்துவிட்டுப் போட்டதும் வரும் முதல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அறை மாறாமலே இரண்டு மூன்று டிகிரி ஏறியிருந்தால் சென்சாரும் போர்டும் ஒரே டப்பாவுக்குள் அடைந்து கிடக்கின்றன. சென்சாரை ஒரு சாண் வயரில் டப்பாவுக்குக் கீழே இறக்குங்கள். மேலே வேண்டாம், சூடு மேலேதான் போகும்.

ஏசி ஓடும்போது மட்டும் குறைவு. ஏசிக் காற்று நேராக அடிக்கிறது. சென்சாரை நகர்த்துங்கள், கட்டிலில் படுத்தால் தலை இருக்கும் பக்கத்துக்கு, நாலைந்து அடி உயரத்தில்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் செயலியில் 'ஆஃப்செட்' கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கும் பகல் மூன்று மணிக்கும் தெர்மாமீட்டரோடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே வித்தியாசம் என்றால் அதையே ஆஃப்செட்டாகக் கழித்துவிடலாம். வித்தியாசம் மாறினால் சென்சாரை மாற்றிவிடுங்கள்.

முற்றம் வைத்த ஓட்டு வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கூடத்தில் இருக்கும் சென்சாரை நம்பி அறை ஏசியை ஓட்டாதீர்கள். கூடத்துக் காற்றுக்கும் அறைக் காற்றுக்கும் சம்பந்தமே இருக்காது.

## ஈரப்பதம் 99.9-இல் நின்றுவிட்டது

ஐப்பசி, கார்த்திகை என்றால் பொறுங்கள். அடைமழையில் இந்தப் பக்கம் நிஜமாகவே 95-ஐத் தாண்டும். பங்குனி மத்தியானத்திலும் 99.9 என்றால்தான் சென்சார் மேல் சந்தேகப்பட வேண்டும்.

சோதனைக்கு வேண்டியது வேதாரண்யத்து உப்பு. வேறு எந்தச் சமையல் உப்பும் ஆகும், பக்கத்தில் விளைவதைச் சொன்னேன். ஒரு சின்ன மூடியில் இரண்டு கரண்டி உப்பைப் போட்டு, கரையாமல் சேறு மாதிரி நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். காற்றுப் புகாத டிபன் டப்பாவுக்குள் அதையும் சென்சாரையும் ஒன்றையொன்று தொடாமல் வைத்து மூடி, ஏழெட்டு மணி நேரம் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75-இல் வந்து நிற்கும். இது உப்பின் குணம், அறையின் சூடு கொஞ்சம் மாறினாலும் இது மாறாது. சென்சார் 70-க்கும் 80-க்கும் இடையில் காட்டினால் வேலை செய்கிறது. அப்போதும் 99.9 என்றால் முடிந்தது. டிஹெச்டி22 நாள்பட்ட ஈரத்தில் இப்படித்தான் சாகும். வெயிலில் காயவைத்து மீட்டவை என் கையில் ஒன்றிரண்டு, அவையும் அடுத்த மழைக்குத் தாங்கவில்லை. மாற்றுவதாக இருந்தால் எஸ்ஹெச்டி31 வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் இந்த ஊர் ஈரத்துக்கு அது தாக்குப்பிடிக்கிறது.

## எண்ணே வரவில்லை, அல்லது 85, -127 என்று வருகிறது

-127 என்றால் டிஎஸ்18பி20 வகைச் சென்சாரின் வயர் எங்கோ விட்டிருக்கிறது. 85 என்பது அந்தச் சென்சார் கண் திறந்ததும் சொல்லும் முதல் எண். ஒரு தடவை வந்தால் பரவாயில்லை. திரும்பத் திரும்ப வந்தால் கரண்டு விட்டுவிட்டு வருகிறது என்று அர்த்தம். டிஹெச்டி வகையில் எண்ணுக்குப் பதிலாக 'NaN' (எண் இல்லை) என்றோ வெறுமையாகவோ இருக்கும்.

முதலில் சார்ஜரை மாற்றுங்கள், அப்புறம் யுஎஸ்பி வயரை. பாதி இங்கேயே தீர்ந்துவிடும். தீரவில்லையா, சொருகி வைத்த ஜம்பர் வயர்களைப் பிடுங்கி முனையைப் பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் ஆறே மாதத்தில் பச்சை பிடித்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, இனிமேல் சொருகாமல் சால்டர் வைத்துவிடுங்கள். சால்டர் வைத்த இடத்தில் நகப்பூச்சு ஒரு கோட் தடவினால் காற்று படாது. சென்சாரின் சல்லடை முகத்தில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

வயர் மூன்று, நாலு மீட்டருக்கு மேல் நீளமா? டேட்டா வயருக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். டப்பாவையும் திறந்து பாருங்கள். மழைக்காலத்தில் எறும்பு முட்டையோடு குடிவந்திருக்கும், பல்லியும் உண்டு. காற்றுத் துளைகளுக்குக் கொசுவலைத் துண்டு ஒட்டினால் போதும்.

## கரண்டு போய் வந்தால் சென்சார் காணாமல் போகிறது

கரண்டு வந்ததும் சென்சார் போர்டு சில நொடியில் எழுந்துவிடும். ரவுட்டர் எழுந்து இணையத்தைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். போர்டு நெட்வொர்க்கைத் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்று கைவிட்டுவிடும். இந்த நேரத்தில் போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் சென்சாரின் பெயரிலேயே ஒரு புது நெட்வொர்க் தெரியும். அப்படித் தெரிந்தால் காரணம் இதுதான், வேறு எதையும் கழற்ற வேண்டாம்.

உடனடி வைத்தியம், ரவுட்டர் எழுந்த பிறகு சென்சாரை ஒருமுறை அணைத்துப் போடுவது. நிலையான வைத்தியம், ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுவது, அல்லது ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்குவது. நீங்களே புரோகிராம் போட்டவர் என்றால், நெட்வொர்க் கிடைக்காவிட்டால் மூன்று நிமிடத்தில் தானே ரீஸ்டார்ட் ஆகும்படி இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

கரண்டு போகாமலே காணாமல் போகிறது. போர் மோட்டார் போடும்போது விளக்கு மங்குகிறதா? அதே நொடியில் மலிவான சார்ஜரும் மூச்சை நிறுத்திவிடும். நல்ல சார்ஜர் போட்டுப் பாருங்கள். அதிலும் நிற்கவில்லை, வீடு முழுக்க விளக்கு மங்கி எரிகிறது என்றால் சென்சாரை விட்டுவிட்டு மின்வாரியத்தில் புகார் கொடுங்கள், ஏசிக்கு ஸ்டெபிலைசர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரவுட்டர் மாற்றியதிலிருந்து எதுவும் வரவில்லை. எல்லாச் சென்சாரையும் ஒவ்வொன்றாகத் திரும்ப இணைக்க வேண்டாம். புது ரவுட்டருக்குப் பழைய ரவுட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்துவிடுங்கள், தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லை என்றால் ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை அணைந்திருக்கும். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது.

ஒரே ஓர் அறையில் மட்டும் வருவதில்லை. பழைய வீடுகளில் ஒன்றரை அடிச் சுவர் இரண்டைத் தாண்டிச் சிக்னல் போவது கஷ்டம். சென்சாரை வாசல்படிக்கு நேராக நகர்த்திப் பார்த்து, அப்போது வந்தால் கூடத்தில் ஒரு ரிப்பீட்டர் வையுங்கள்.

## கட்டளை போகிறது, ஏசி கேட்கவில்லை

ஐஆர் டப்பாவின் முகத்தைப் போனின் முன்பக்கக் கேமரா வழியாகப் பார்த்தபடி கட்டளை அனுப்புங்கள். ஊதா நிறத்தில் மினுக்கினால் டப்பா சரி. இனி டப்பாவுக்கும் ஏசிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: திரைச்சீலை, கொசுவலை, அலமாரிக் கதவு. மினுக்கவே இல்லை என்றால் டப்பா போயிருக்கலாம், அதைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை.

சிக்னல் போகிறது, ஆனால் ஆன் சொன்னால் ஆஃப் ஆகிறது என்பது வேறு கதை. சிக்னல் ஒருவழிப் பாதை. ஏசி திரும்ப எதுவும் சொல்லாது. தாத்தா ரிமோட்டை எடுத்து ஏசியை அணைத்தால் செயலிக்குத் தெரியாது. ஒரே பொத்தான் ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒரே சிக்னலை அனுப்பும் ஏசியாக இருந்தால் அன்றிலிருந்து எல்லாம் தலைகீழ். தாத்தாவிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்குவது நடக்கிற காரியமில்லை. ஏசியின் காற்று வாயில் ஒரு சின்ன வெப்பநிலை சென்சாரை வையுங்கள். அது அறையைவிட எட்டு, பத்து டிகிரி குறைவாகக் காட்டினால் ஏசி ஓடுகிறது. செயலி அதைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

ஒரிஜினல் ரிமோட்டுக்கும் ஏசி கேட்கவில்லை என்றால் ஏசி மெக்கானிக்தான்.

## ஆள் படுத்திருக்கும்போதே ஏசி அணைகிறது

சாதாரண மோஷன் சென்சார் பார்ப்பது ஆளை அல்ல, உடம்புச் சூடு நகர்வதை. அசையாமல் தூங்குகிறவர் அதன் கண்ணுக்கு இல்லாதவர். அத்தோடு கத்திரி வெயிலில் சுவரே 36-க்குப் போய்விட்டால் உடம்பும் சுவரும் ஒரே சூடு. நடந்தாலும் சரியாகத் தெரியாது. மே மாதத்தில் மட்டும் இந்தப் புகார் அதிகம் வருவதற்கு இதுதான் காரணம்.

பின்பக்கத் திருகில் நேரத்தைக் கடைசிவரை கூட்டிப் பாருங்கள். சின்ன போர்டுகளில் அதிகபட்சமே ஐந்து நிமிடம்தான் வரும், தூக்கத்துக்கு அது பத்தாது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை மோஷன் சென்சாரின் பேச்சைக் கேட்காதே என்று செயலியில் விதி போடுவது இன்னும் நல்லது. செலவழிக்கத் தயார் என்றால் ரேடார் வகைச் சென்சார் வாங்கலாம். மூச்சு விடும் அசைவைக்கூட அது பிடிக்கும்.

அதை மாட்டிய பிறகு அடுத்த புகார் வரும்: ஆள் போன பின்பும் ஏசி அணையவில்லை. அது சீலிங் ஃபேனை ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஃபேனை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். முகத்தைக் கட்டில் பக்கம் தாழ்த்தித் திருப்பி, உணர்திறனைக் குறையுங்கள். அறைத் தடுப்பு பிளைவுட் என்றால் அடுத்த அறையில் நடப்பவரையும் பார்க்கும்.

## நிமிடத்துக்கு ஒருதரம் ஆன், ஆஃப்

27-இல் அணை, 27-இல் போடு என்று இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்திருப்பீர்கள். 28-இல் போடு, 26.5-இல் அணை என்று இடைவெளி விடுங்கள், போடுவதற்கும் அணைப்பதற்கும் நடுவே ஐந்து நிமிடமாவது கட்டாயமாக்குங்கள். கம்ப்ரசர் பிழைக்கும்.

## காலை ஆறு மணி விதி பதினொன்றரைக்கு நடக்கிறது

கருவி கிரீன்விச் நேரத்தில் இருக்கிறது. அமைப்பில் நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றுங்கள். புரோகிராமில் கேட்டால் 19800 நொடி.

## எல்லாம் சரி, பில் மட்டும் இறங்கவில்லை

எதோடு ஒப்பிடுகிறீர்கள்? நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில். தை, மாசி பில்லோடு சித்திரை, வைகாசி பில்லை வைத்துப் பார்த்தால் எந்தச் சென்சாரும் தோற்றுத்தான் போகும். போன வருடத்து அதே மாதங்களோடு, ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டை ஒப்பிடுங்கள். 500 யூனிட்டைத் தாண்டினால் விலைப் படியே மாறுகிறது. பத்து யூனிட் வித்தியாசத்தில் ரூபாய் தாவுவதற்கு அதுவே காரணம்.

யூனிட்டும் குறையவில்லை என்றால், ஏசி எத்தனையில் ஓடுகிறது? 2020 முதல் ஸ்டார் முத்திரையோடு விற்கும் அறை ஏசிகள் போட்டதும் 24-இல் தொடங்க வேண்டும் என்பது விதி. நீங்கள் அதை 20-க்கு இறக்கினால் சென்சார் என்ன செய்யும்? ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 27-இல் வைத்து ஃபேனையும் போடுங்கள். பிசுபிசுப்பாக இருக்கிறது என்றால் சூட்டைக் குறைக்காமல் 'டிரை' முறைக்கு மாற்றிப் பாருங்கள். நம் ஊரில் பாதி நாள் தொல்லை சூடு இல்லை, ஈரம்.

அப்புறம் ஃபேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், கரண்டு குறைவாக இழுக்கும் புது வகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில். தினம் 15 மணி நேரம் ஓடினால் ஒரு பில்லுக்கு 40 யூனிட் வித்தியாசம், ஒரே ஃபேனில். நான் மாட்டிக் கொடுக்கிற சென்சார்கள் பல வீடுகளில் இந்த அளவு மிச்சம் காட்டுவதில்லை, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஸ்மார்ட் பிளக்குகளும் சும்மா இருக்காது. ஒரு வாட் குடித்தாலே இரண்டு மாதத்தில் ஒன்றரை யூனிட். பத்து பிளக் இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஏசியையே சோதிக்க வேண்டும். ஃபிரிட்ஜ் உட்பட வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஏசியை மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். இபி மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கும். எத்தனை மினுக்கு ஒரு யூனிட் என்பது மீட்டர் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், நிமிடத்துக்கு 80 மினுக்கு என்பது 1500 வாட். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி அறை குளிர்ந்த பிறகு இதில் பாதிக்கும் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால்:

- ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள்.
- அவுட்டோர் யூனிட்டின் முதுகைப் பாருங்கள். வயலை ஒட்டிய வீடுகளில் அறுவடை மெஷின் வந்து போன வாரத்தில் பதரும் தூசியும் அப்பிக் கிடக்கும். ஏசியின் மெயினை இறக்கிவிட்டு மெல்லிய தண்ணீரில் கழுவுங்கள், அழுத்தி அடித்தால் தகடு மடங்கும்.
- ஒரு சென்சாரைக் கூரைக்கு ஒரு சாண் கீழேயும் இன்னொன்றைக் கட்டில் உயரத்திலும் வைத்து இரவு பத்து மணிக்குப் படியுங்கள். மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால் ஏசி மல்லுக்கட்டுவது மொட்டைமாடித் தளத்தோடு. பங்குனி கடைசியில் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை அடித்துவிட்டு மறுபடி படியுங்கள்.

மூன்றும் பார்த்தாகிவிட்டது, அறையும் சிறியது, மினுக்கு 80-ஐ விட்டு இறங்கவில்லை என்றால் கேஸ் குறைந்திருக்கலாம். கடலோரம் என்றால் செம்புக் குழாயில் உப்பு அரித்து ஓட்டை விழுந்திருக்கலாம். இது மெக்கானிக் வேலை. வருகிறவர் வந்ததும் கேஸ் அடிக்கத் தொடங்கினால் நிறுத்தி, கசிவு எங்கே என்று முதலில் சோப்பு நுரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டையை அடைக்காமல் அடித்த கேஸ் அடுத்த கோடைவரை இருக்காது.